மூன்றாவது ஆட்டத்துக்கு நூற்றியொரு தேங்காய்

பத்மாசனி நேர்த்தி வைத்தால் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது என்று முரசுமோட்டையில் ஒரு பேச்சு உண்டு. மற்றப் பெண்கள் கோயிலுக்குப் போனால், "அப்பனே, எல்லாரையும் நல்லா வைச்சிரு" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு, திருநீற்றைப் பூசிக்கொண்டு வந்துவிடுவார்கள். பத்மாசனிக்கு அந்தக் கதை சரிவராது. யாருக்கு, என்ன, எப்போதைக்குள், பதிலுக்குத் தான் என்ன செய்வாள் என்று காணி உறுதி எழுதும் நொத்தாரிசைப் போல ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வாள். கடவுளுக்கு ஆயிரம் பேரின் அலுவல், விளக்கமாகச் சொல்லாவிட்டால் அவர் தனக்குத் தோன்றியபடி செய்துவிட்டுப் போய்விடுவார் என்பது அவளுடைய கட்சி.

அந்தக் கட்சி சும்மா வந்ததில்லை. இரண்டாயிரத்தொன்பதில், கடைசிச் சண்டையில், ஐந்து வயது மகன் கிருசாந்தனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடற்கரை மணலில் கிடங்கு வெட்டிப் படுத்திருந்தபோது, "என்ர பிள்ளையின்ர உயிரை மட்டும் தா" என்று கேட்டாள். பிள்ளையின் உயிர் கிடைத்தது. வீடு போனது, உழவு இயந்திரம் போனது, கூடப் பிறந்த ஒரே தம்பியும் போனான். பிறகு முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்துகொண்டு, ஏன் 'மட்டும்' என்று சொன்னேன், தம்பியையும் சேர்த்துச் சொல்ல என் வாய்க்கு என்ன வந்தது என்று மாதக்கணக்கில் யோசித்தாள். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த நொத்தாரிசு வேலை.

அதற்குப் பிறகு அவள் வைத்த நேர்த்திகளை வரிசையாக எழுதினால் அவளுடைய வாழ்க்கையே வந்துவிடும். காணி திரும்பக் கிடைக்க வேண்டும், கிடைக்கும்போது கிணறும் தூராமல் இருக்க வேண்டும். மாரி பொய்க்கக் கூடாது, ஆனால் கதிர் முற்றும் நேரம் பெய்யவும் கூடாது. புருஷன் தவராசாவுக்குச் சலரோகச் சீனி இறங்க வேண்டும், அதற்காக ஆள் மெலிந்தும் போகக் கூடாது. முக்கால்வாசி அப்படியே நடந்தது. நடக்காத கால்வாசிக்கும் தான் சொன்ன முறையில்தான் எங்கேயோ பிழை என்று எடுத்துக்கொள்வாளே தவிர, கடவுளைக் குறை சொன்னதில்லை.

அப்படிப்பட்டவளின் ஒரு நேர்த்தி கோணலாகிப் போனது. அது மேசைப்பந்தால் வந்த வினை.

முரசுமோட்டையில் நெல்லைப் பற்றித் தெரியாதவர் இல்லை, மேசைப்பந்தைப் பற்றித் தெரிந்தவரும் இல்லை. மீளக் குடியேறிய இரண்டாம் வருடம் ஏதோ ஒரு நிறுவனம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பச்சை மேசையை இறக்கிவிட்டுப் போனது. அது என்ன மேசை என்று தெரியாமல் ஒரு வருடம் அதன்மேல் பரீட்சைத் தாள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பிறகு மாற்றலாகி வந்த ஒரு விளையாட்டு ஆசிரியர்தான் தாள்களை அகற்றிவிட்டு நடுவில் வலையைக் கட்டினார். அன்றைக்கு மட்டையைப் பிடித்த கிருசாந்தன் பிறகு அதைக் கீழே வைக்கவேயில்லை. மாகாணம், தேசியம் என்று போய், கொழும்பில் ஒரு வங்கி அவனை வேலைக்கு எடுத்துத் தன் அணியில் விளையாட விட்டது.

"கோழிமுட்டையைத் தட்டி விளையாடுறதுக்கும் ஒரு உத்தியோகமோ?" என்று தவராசா கேட்டார். இரண்டரை ஏக்கர் வயலும் அதே அளவு பிடிவாதமும் உள்ள மனுஷன். ஆனால் மகனுடைய படம் பேப்பரில் வந்த அன்று அதை வெட்டி, உர மானிய அட்டைக்குள் மடித்து வைத்தார். கிராம அலுவலர் விதானையாரிடம் அட்டையை நீட்டும்போதெல்லாம் படம் கீழே விழும். அது தானாக விழுந்தது என்று நம்புவதற்கு ஊரில் ஆள் இல்லை.

பாங்கொக்கில் ஆண்கள் குழு மேசைப்பந்துச் சாம்பியன்ஷிப். பல நாட்டு அணிகள். இலங்கை அணிக்கு ஐந்து பேர் போகிறார்கள், அதில் கிருசாந்தனும் ஒருவன். சந்தியில் விளையாட்டுக் கழகத்தார் பதாகை கட்டினார்கள். பதாகையில் இருந்த படம் மூன்று வருடம் பழையது, மீசை இல்லை. அதனால் என்ன, முழு ஊரும் நின்று பார்த்தது.

முதல் நாள் ஆட்டத்தைப் பக்கத்து வீட்டுத் தர்மிளா தன்னுடைய பெரிய டி.வி.யில் இன்டர்நெட் மூலம் போட்டுக் காட்டினாள். தர்மிளா முன்பள்ளி ஆசிரியை. எதையும் மூன்று வயதுப் பிள்ளைக்கு விளங்குகிறமாதிரிச் சொல்லப் பழகியவள். அன்றைக்கு அந்தப் பழக்கம் நிறைய உதவியது. அவளுடைய முன் விறாந்தையில் முப்பது பேர் இருந்தார்கள். ஆட்டம் தொடங்கியது, முடிந்தது. கிருசாந்தன் விளையாடவில்லை. ஓரத்துக் கதிரையில் இருந்து கைதட்டினான், எழும்பிப் போய் ஒருத்தனுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தான், திரும்பவும் இருந்தான்.

"தண்ணி குடுக்கவே பாங்கொக்குக்குப் போனவன்?" என்று தவராசா கேட்டார்.

"இல்லை அங்கிள். அஞ்சு பேர் போவினம், மூண்டு பேர்தான் விளையாடுவினம்" என்றாள் தர்மிளா. "முதலாம் ஆளும் ரெண்டாம் ஆளும் தேவைப்பட்டா ரெண்டு தரம் இறங்குவினம். மூண்டாம் ஆள் நடுவில ஒரு ஆட்டம். மொத்தம் அஞ்சு ஆட்டம், எந்தப் பக்கம் முதல்ல மூண்டு வெல்லுதோ அதோட முடிஞ்சுது."

"அப்ப மற்ற ரெண்டு பேரும் ஏன் போனவை?" என்று பத்மாசனி கேட்டாள்.

"அது அன்ரி... விளையாடுற ஆருக்கும் ஏதும் நடந்திட்டா, அதுக்கு."

தர்மிளா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பத்மாசனியின் காதில் அது முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது.

இரண்டாம் நாளும் அதே கதிரை, அதே போத்தல். விறாந்தையில் பன்னிரண்டு பேர்தான். பின்னேரம் கிருசாந்தன் போன் எடுத்தான்.

"அம்மா, நான் இறங்கமாட்டன் போல. அதே மூண்டு பேரைத்தான் பயிற்சியாளர் விடுறார். ஆக்களை ஏன் சும்மா கூப்பிட்டு இருத்தி வைச்சிருக்கிறியள்? வெக்கமாக் கிடக்கு."

"இன்னும் நாள் கிடக்குத்தானே அப்பன்."

"கிடந்து என்ன? அடுத்த முறை நாலாம் ஆளுக்கு வேற பெடியன் வருவான். இதோட சரி."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்று பத்மாசனி அந்த முகந்தெரியாத பயிற்சியாளரைத் திட்டினாள். அன்று சமைத்த கறிக்கு உப்பு இல்லை. தவராசா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அதிலிருந்தே நிலைமையின் பாரதூரம் விளங்கும்.

விளையாடும் மூன்று பேரில் இரண்டு பேரை அவளுக்குத் தெரியாது. மூன்றாம் ஆளைத் தெரியும். இசுரு. குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெடியன். போன தைப்பொங்கலுக்குக் கிருசாந்தனோடு வந்து இந்த வீட்டில் மூன்று நாள் நின்றவன். வேட்டியை எப்படிக் கட்டுவது என்று தவராசாவிடம் கேட்டு, கட்டி, வயல் வரம்பில் வழுக்கி விழுந்து, தானே முதலில் சிரித்தவன். அவளை "அம்மே" என்றுதான் கூப்பிட்டான். அவனுக்குத் தெரிந்த தமிழ் நாலைந்து சொல்லுத்தான், அதில் 'போதும்' ஒன்று. அவன் போதும் போதும் என்று சொல்லச் சொல்ல அவள் இறால் குழம்பை ஊற்றினாள். தன் பிள்ளை நாலாம் ஆள் என்பதும், அவனுக்கு மேலே மூன்றாம் ஆளாக நிற்பது இந்த இசுருதான் என்பதும் அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஊற்றித்தான் இருப்பாள்.

மறுநாள் அவளுக்கு வவுனியா ஆஸ்பத்திரியில் கண் கிளினிக். பத்து மணிக்கெல்லாம் அலுவல் முடிந்து, தனியாகத் திரும்பி வரும் பஸ்ஸில் ஏறினாள். ஏ-ஒன்பது வீதியால் வரும் எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி நிற்காமல் போகாது. பஸ் நின்றது. பத்து நிமிடம் என்று கொண்டக்டர் சொன்னான். எல்லாரும் இறங்கினார்கள். கற்பூரப் புகை, சிதறிய தேங்காய்ச் சொட்டு, கச்சான் கடலை வறுக்கிற வாசம். பத்மாசனி ஒரு தேங்காய் உடைத்தாள், கற்பூரம் கொளுத்தினாள், கைகூப்பினாள்.

"பிள்ளையாரப்பா, என்ர பிள்ளை கிருசாந்தன், பாங்கொக்கில நடக்கிற போட்டியில, நாளைக்கு நடக்கிற ஆட்டத்தில, இறங்கி விளையாடோணும். விளையாடினா நூற்றியொரு தேங்காய் உடைப்பன்."

ஆள், இடம், நாள், பதில் எல்லாம் சரி. அவள் வழக்கத்தில் இனித்தான் நிபந்தனைகள் வர வேண்டும். விளையாடி வெல்ல வேண்டும், ஆருக்கும் ஒரு கெடுதலும் இல்லாமல் நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் டிரைவர் ஹோர்ன் அடித்தான். பிள்ளையாருக்கு முன்னால் கண்ணை மூடியிருந்த அவளுக்கு, ஒரு கணம், வரம்பில் வழுக்கி விழுந்த இசுருவின் முகம் தெரிந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். திறந்து, பஸ்ஸுக்கு ஓடினாள்.

அடுத்த நாள் பின்னேரம் இரண்டரைக்கு ஆட்டம். ஒன்றேகாலுக்கே தர்மிளா வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கத்தினாள்.

"அன்ரி! கிருசா இறங்கிறான்! மூண்டாவது ஆட்டம்! இப்பதான் பேர் போட்டிருக்கினம்!"

பத்மாசனி கையிலிருந்த சுளகோடு ஓடினாள். அரிசி வழியெல்லாம் கொட்டியது. தவராசா வயலில் இருந்து நேரே வந்து, சேற்றுக் காலைக் கழுவாமல் தர்மிளாவின் விறாந்தையில் ஏறினார். இருபது, முப்பது, நாற்பது பேர் என்று கூடிவிட்டார்கள். அவளுக்குச் சந்தோஷத்தில் மூச்சு முட்டியது. கேட்டது நேற்றுத்தான், இன்றைக்கே தந்துவிட்டாரே!

"எப்பிடியடி விட்டவங்கள்? பயிற்சியாளருக்குப் புத்தி வந்திட்டுதோ?"

"இல்லை அன்ரி. இசுருவாம், நேற்று ஹோட்டல் படியில வழுக்கி விழுந்து கணுக்கால் பிரண்டு போச்சாம். காலை ஊண்டேலாதாம்."

"நேற்று எத்தினை மணிக்கு?"

தர்மிளா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "அது ஆருக்குத் தெரியும் அன்ரி?"

பத்மாசனி கதிரையில் இருந்தாள். அதற்குப் பிறகு அந்த விறாந்தையில் நடந்தது அவளுக்கு அரையும் குறையுமாகத்தான் விளங்கியது. முதலாவது ஆட்டத்தில் இலங்கை வென்றது. இரண்டாவதில் தோற்றது. ஆளுக்கொன்று. இப்போது மூன்றாவது. நீலச் சட்டையில் அவளுடைய பிள்ளை வந்தான். ஊர் கைதட்டியது. கமரா ஒரு சுற்றுச் சுற்றி ஓரத்துக் கதிரைகளைக் காட்டியது. முந்தநாள் கிருசாந்தன் இருந்த அதே கதிரையில் இசுரு இருந்தான். வலது காலில் வெள்ளைக் கட்டு. மற்ற எல்லாரையும்விட அவன்தான் பலமாகக் கைதட்டினான்.

முதல் சுற்றைக் கிருசாந்தன் பதினொன்றுக்கு எட்டு என்று வென்றான். பக்கம் மாறினார்கள். தவராசா பக்கம் மாறியதைக் கவனிக்காமல் எதிராளியின் இரண்டு புள்ளிகளுக்குத் துள்ளிக் குதித்தார். நாலு பேர் அவரை இழுத்து இருத்தினார்கள்.

இரண்டாம் சுற்றில் கிருசாந்தன் அடித்த பந்து வலையில் தொட்டு, அந்தப் பக்கம் செத்த பந்தாக விழுந்தது. புள்ளி அவனுக்கு. ஆனால் அவன் ஒரு கையை உயர்த்தி, தலையையும் தாழ்த்திக் காட்டினான்.

"ஏன் பிள்ளை, வெண்டவன் என்னத்துக்குக் கையைத் தூக்கிறான்?" என்று தவராசா கேட்டார்.

"மன்னிப்புக் கேக்கிறான் அங்கிள். கெட்டித்தனத்தில கிடைக்காமல் அதிர்ஷ்டத்தில புள்ளி கிடைச்சா மன்னிப்புக் கேக்கோணும். அது இந்த விளையாட்டில ஒரு மரியாதை."

"விசர் மரியாதை. எங்கட வயலில மழை பெஞ்சா நான் பக்கத்துக் காணிக்காரனிட்ட மன்னிப்புக் கேக்கிறனானே?"

எல்லாரும் சிரித்தார்கள். பத்மாசனி சிரிக்கவில்லை. அவளுக்கு ஏதோ பிடிபடுவது போலவும் நழுவுவது போலவும் இருந்தது. அதிர்ஷ்டத்தில் ஒரு புள்ளி வந்ததற்கே கை தூக்க வேண்டும் என்றால், ஒரு ஆட்டமே அப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும்? யார் செய்ய வேண்டும்? எந்தக் கையைத் தூக்குவது?

அந்தச் சுற்று ஒன்பதுக்குப் பதினொன்று. அடுத்தது ஆறுக்குப் பதினொன்று. கிருசாந்தன் துவாயால் முகத்தைத் துடைக்கும்போதெல்லாம் ஓரத்துக் கதிரைப் பக்கம் பார்த்தான், பார்த்துவிட்டுப் பார்வையைப் பறித்துக்கொண்டான். கடைசிச் சுற்று நாலுக்குப் பதினொன்று. ஒன்றுக்கு மூன்று என்று அவன் தோற்றான். அதற்கடுத்த ஆட்டமும் போய், இலங்கை அணி போட்டியை விட்டே வெளியேறியது. இசுரு ஒற்றைக் காலில் கெந்திக் கெந்தி வந்து கிருசாந்தனின் தோளில் கை போட்டான். கிருசாந்தன் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டான். அதை விறாந்தையில் இருந்த நாற்பது பேரில் ஒருத்தி மட்டும்தான் கண்டாள்.

ஊர் கலைந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று யாரோ முணுமுணுத்துக்கொண்டு போனது அவள் காதில் விழுந்தது. சொன்னவருக்குத் தான் எவ்வளவு சரியாகச் சொன்னோம் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் தவராசாவிடம் பாதியைச் சொன்னாள். நூற்றியொரு தேங்காய் நேர்ந்த பாதியை.

"தோத்ததுக்கு ஆரப்பா தேங்காய் உடைக்கிறது?" என்றார் அவர்.

"நான் வெல்லோணும் எண்டு கேக்கேல்லை."

"பின்னை என்ன கேட்டனீர்?"

"இறங்கி விளையாடோணும் எண்டு."

"அப்ப கேட்டது கிடைச்சிட்டுது. உடைச்சுவிடும்."

"உடைக்கேலாது."

"ஏன் ஏலாது?"

அவள் உலைக்கு அரிசி கழுவப் போனாள். தவராசா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "பயிருக்கு வாற வருத்தமெண்டா இலையைப் பாத்துச் சொல்லுவன். உமக்கு என்ன வந்ததெண்டு எனக்கு விளங்கேல்லை" என்றுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அவளுக்கே விளங்கினால்தானே அவருக்குச் சொல்ல! தேங்காயை உடைத்தால், இசுருவின் காலைத் தான்தான் கேட்டு வாங்கினேன் என்று கையெழுத்து வைத்ததாக முடியும். உடைக்காவிட்டால் நேர்த்தி நிலுவை. நிலுவை வைத்தால் அது போய் நிற்பது பிள்ளையின் தலையில். உடைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கலாமா? நன்றி சொல்லிக்கொண்டே மன்னிப்பும் கேட்டால் பிள்ளையார் எதை எடுப்பார்? ஒருவேளை இசுரு அவள் கேட்பதற்கு முதலே விழுந்திருந்தால்? அப்படியென்றால் பிள்ளையார் ஒன்றுமே செய்யவில்லை, நேர்த்தியும் இல்லை. ஆனால் ஒன்றுமே செய்யாத பிள்ளையாரை நம்பியா இத்தனை வருடம்? சோற்றை வடிக்கப் போய்க் கஞ்சியை வைத்துக்கொண்டு சோற்றைக் கொட்டினாள். கோழிகளுக்கு நல்ல வேட்டை.

ஒரு நாள் முழுக்க டிரைவரைத் திட்டித் தீர்த்தாள். அந்தப் பாவி இன்னும் அரை நிமிடம் பொறுத்து ஹோர்ன் அடித்திருந்தால், 'ஆருக்கும் கெடுதல் இல்லாமல்' என்ற சொல் வாயில் வந்திருக்கும். எல்லாம் அவனால் வந்தது. அப்படித் திட்டிக்கொண்டே கிளினிக் கொப்பியை எடுக்கப் பையைத் திறந்தவள், உள்ளே இரண்டு பேப்பர்ச் சரை கச்சானைக் கண்டாள். ஹோர்ன் அடித்த பிறகு, பஸ்ஸுக்கு ஓடும் வழியில், நின்று, சூடாக இருக்கிறதா என்று கேட்டு வாங்கிய கச்சான். கச்சான் வாங்க நேரம் இருந்திருக்கிறது. ஒரு சொல் சொல்லத்தான் இருக்கவில்லை.

அதோடு டிரைவர் தப்பினான்.

ஆட்டம் முடிந்து நாலாம் நாள் காலை ஏழு மணிக்குக் கிருசாந்தன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். கொழும்பில் இருந்து நேரே வந்திருக்கிறான். தவராசா அப்போதுதான் வயலுக்குப் போயிருந்தார். பத்மாசனி குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். அவன் பையை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்து, பலகையில் இருந்தான். கண் குழி விழுந்திருந்தது. பதாகையில் இல்லாத மீசை இப்போது தாடியாகவும் பரவியிருந்தது.

அவள் கோப்பையில் புட்டைப் போட்டு, சம்பலை வைத்து அவன் முன்னால் தள்ளினாள். அவன் தொடவில்லை.

"இசுருவுக்குக் கால் எப்பிடி?" எவ்வளவு சாதாரணமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள்.

"மூண்டு கிழமையில நடப்பானாம்." அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அம்மா, பஸ் முறிகண்டியில நிண்டது. நான் இறங்கேல்லை."

அகப்பை அவள் கையில் அப்படியே நின்றது. இந்த மண்ணில் பிறந்து முறிகண்டியில் இறங்காமல் வந்தவனை அவள் கண்டதில்லை. கடவுள் இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள்கூட அங்கே கச்சான் வாங்கும் சாட்டில் இறங்குவார்கள்.

"ஏனப்பன்?"

"எந்த முகத்தோட இறங்கிறது? போன மாசம் இஞ்சையிருந்து போகேக்கை அதில இறங்கினனான். அணியில நான் நாலாம் ஆள் எண்டு தெரியும். கும்பிடேக்கை, ஆராவது ஒருத்தனுக்கு ஏதாவது வரட்டும் எண்டு நினைச்சனான். வாயாலை சொல்லேல்லை அம்மா. நினைச்சனான். பிறகு அவன் விழுந்திட்டான். எல்லாரையும் விட்டிட்டு அவன். படியில விழுந்து கிடந்துகொண்டு என்னைப் பாத்து, 'நீ விளையாடு மச்சான், நல்லா விளையாடு' எண்டு சிங்களத்தில சொல்லுறான். நான் எப்பிடி விளையாடுறது? பந்து வரேக்கை அவன்ர கட்டுப் போட்ட கால்தான் தெரிஞ்சது. அவன் கை தட்டத் தட்ட நான் பந்தை வெளியில அடிச்சன்."

இருபத்தொரு வயது ஆம்பிளைப் பிள்ளை புட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து தேம்பி அழுதான். கடற்கரை மணலில் கூட அவன் இப்படி அழுததில்லை, அப்போது அழக்கூடாது என்று அவள் வாயைப் பொத்தி வைத்திருந்தாள்.

பத்மாசனிக்கு எல்லாக் குழப்பமும் ஒரு கணம் நின்றது. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இதை இவன் சுமக்கக் கூடாது. அதற்கு ஒரேயொரு வழிதான் இருந்தது. அந்த வழியால் போனால் இவன் இனித் தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பான் என்பதும் தெரிந்தது. அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு அவனுக்கு முன்னால் குந்தினாள்.

"நீ போன மாசம் கேட்டது அவருக்குக் கேட்டிருந்தா, அவன் போன மாசமே விழுந்திருப்பான். ஒரு தேங்காயும் நேராமல், வாயும் திறக்காமல் கேட்டதை ஆர் கணக்கெடுக்கிறது? நான் அவன் விழுந்த அண்டைக்குக் கேட்டனான். அதே இடத்தில நிண்டு கேட்டனான். உன்ர பேர் சொல்லி, நாள் சொல்லி, நூற்றியொரு தேங்காய் நேந்து கேட்டனான்."

கிருசாந்தன் முகத்தைத் துடைத்தான். "நீங்கள் நான் விளையாடோணும் எண்டு கேட்டிருப்பியள். அது வேற."

"வேற இல்லை. மூண்டு பேரும் சுகமா இருந்தா நீ இறங்கேலாது எண்டு எனக்குத் தெரியும். தர்மிளா சொன்னவள். தெரிஞ்சுகொண்டுதான் கேட்டனான்." மிச்சத்தையும் சொல்லாவிட்டால் சொன்னதெல்லாம் வீண். "கண்ணை மூடினா இசுருவின்ர முகம் வந்தது. வரம்பில வழுக்கி விழுந்தானே, அந்த முகம். நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. நேரம் இருந்தது. சொல்லேல்லை."

கிருசாந்தன் அவளைப் பார்த்தான். தெரியாத ஊரில் வழி கேட்கிற ஆளைப் போலப் பார்த்தான்.

"அவன் உங்களுக்கு என்ன அம்மா செய்தவன்?"

நாலு நாளாக அவள் தன்னிடமே கேட்கப் பயந்த கேள்வி அதுதான்.

"ஒண்டும் செய்யேல்லை. அம்மே அம்மே எண்டு சோறு திண்டவன்." அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நீ கதிரையில இருந்தாய். எனக்கு அது மட்டும்தான் தெரிஞ்சது."

வெளியே கோழி ஒன்று வாசலில் கிடந்த பையைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் கிருசாந்தன் கோப்பையை இழுத்து, ஒரு பிடி புட்டை எடுத்து வாயில் போட்டான். மென்றுகொண்டே கேட்டான்.

"தேங்காய் உடைச்சிட்டியளோ?"

"இல்லை. உடைக்கிறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை."

"உடைப்பம். இண்டைக்கே போவம்."

"அது என்ர நேர்த்தி. நீ ஏன் வாறாய்? உனக்கு அதில ஒண்டும் இல்லை எண்டு இப்பதானே சொன்னனான்."

"இல்லை அம்மா," என்றான் அவன். "ரெண்டு பேரும்தானே கேட்டனாங்கள். அம்பது நீங்கள் உடையுங்கோ, அம்பது நான்."

பத்மாசனி அவனைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டி நிற்கும்போதும் அவளுக்குள் இருந்த நொத்தாரிசு சும்மா இருக்கவில்லை.

"மிச்சம் ஒண்டு?"

கிருசாந்தன் மெல்லுவதை நிறுத்தினான். அதை யார் உடைப்பது என்று அவனுக்கும் தெரியவில்லை.